மயிலுக்குப் பின்னால் ஒரு துப்பாக்கி

மூளை அதிகம் உள்ளவனுக்குத்தான் நஷ்டமும் பெரிதாக வரும். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடம் தோற்றுப்போனது. குரங்கணியில் ஏலக்காய் மூட்டை சுமந்தவன், இன்று மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் சொந்தத் தோட்டம் வைத்திருக்கிறேன். போடியில் மாடி வீடு. ராசிங்காபுரத்துக் கடலைக் காட்டுக்குக் காவலாக ஒரு லைசென்ஸ் துப்பாக்கி. (கடலை தின்ன வரும் பன்றியைச் சுட அல்ல, விரட்ட வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிக்க. ஊரார் வணக்கம் வைத்தது எனக்கா அதற்கா என்பது இப்போதுதான் தெரிகிறது.)

ஏலக்காய் பறிப்புக்கு மலையேறினால் மாதக்கணக்கில் இறங்க முடியாது. துப்பாக்கியைக் கொண்டுபோகவும் வழியில்லை. லைசென்ஸ் எல்லையோடு நின்றுவிடும். அந்த வருடம் தெருவில் திருட்டு பயம் வேறு.

"ஆயுதக் கடையில ஒப்படைச்சுட்டுப் போங்கண்ணே. அவுகளே எண்ணெய் போட்டுப் பாத்துக்கிருவாக" என்றார் ஸ்டேஷன் ஏட்டு.

என் துப்பாக்கிக்கு அடுத்தவன் வீட்டில் சாப்பாடா?

அடுப்படிச் சுவரில் பழைய அலமாரிப் பள்ளம் ஒன்று இருந்தது. மனைவி பேச்சியம்மாள் கோயிலுக்குப் போன நேரம், தோட்டாக்களைத் தனியே பீரோவில் பூட்டிவிட்டு, துப்பாக்கியைக் கழற்றித் துணியில் சுற்றி அந்தப் பள்ளத்தில் வைத்தேன். துரு பிடிக்குமே? அதற்கும் யோசித்தேன். உப்பு ஈரத்தை இழுக்கும் அல்லவா? சுற்றிலும் கல்லுப்பைக் கொட்டி நிரப்பினேன். செங்கல் வைத்து, நானே சிமெண்டு பூசினேன். இன்ஜினியருக்குப் படித்தவனுக்கு இது தோன்றுமா? (தோன்றாது. அதனால்தான் அவன் வீட்டுத் துப்பாக்கி நன்றாக இருக்கிறது.)

தோட்டத்தில் இருந்தபோது தேர்தல் அறிவிப்பு வந்தது. ஏட்டு போன் செய்தார்.

"துப்பாக்கிய நாளைக்குள்ள ஸ்டேஷன்ல குடுத்துருங்கண்ணே. இல்லேன்னா லைசென்சு போயிரும்."

ஜீப்பில் இறங்கி ஓடிவந்தால், அடுப்படியில் என் சுவரைக் காணோம். அங்கே ஒரு மயில் நின்றது. தோகை விரித்த மயில், சுவர் முழுக்க டைல்ஸ்.

"எப்படி இருக்கு? உங்ககிட்டச் சொல்லாம ஆளு விட்டு ஒட்டுனேன்" என்றாள் பேச்சியம்மாள், முகமெல்லாம் சிரிப்பாக.

நான் கடப்பாரையை எடுத்தேன்.

"ஏங்க! மயிலு கழுத்துல ஏன் குத்துறீக?"

"துப்பாக்கி உள்ள இருக்கு புள்ள."

"மயிலுக்குள்ளயா?"

கழுத்து போனது. தோகையில் பாதி போனது. பிறகு உப்பு வந்தது, செங்கல் நிறத்தில், சொதசொதவென்று. பச்சைச் சிமெண்டின் ஈரத்தை அது நான் நினைத்தபடியே இழுத்திருந்தது. இழுத்து, அப்படியே துப்பாக்கிக்குக் கொடுத்திருந்தது.

ஸ்டேஷனில் ஏட்டு குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை.

"எண்ணெய்த் துணியில துடைச்சு, ஈரமில்லாத இரும்புப் பெட்டியில பூட்டி, அப்பப்ப எடுத்துப் பாத்தாப் போதும்லண்ணே. இனி இதத் திருடுனவனே திருப்பிக் கொண்டாந்து குடுத்துருவான். யாருண்ணே உங்களுக்கு இந்த யோசனை சொன்னது?"

"படிச்ச பய ஒருத்தன்" என்றேன்.

வெடிக்காத துப்பாக்கிக்கு லைசென்ஸ் எதற்கு என்று புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். இப்போது காட்டில் தகரம் தட்டுகிறேன். பன்றிகள் நின்று கேட்டுவிட்டு, மறுபடி தின்கின்றன.

அந்த டைல்ஸ் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. தலையில்லாத மயிலுக்கு அடியில்தான் தினமும் சாப்பிடுகிறேன். மகன் புதுப் போன் வாங்கினாலும் சரி, மருமகள் கம்மல் வாங்கினாலும் சரி, பேச்சியம்மாள் முந்திக்கொள்வாள்: "அவுக கையில குடுத்துறாதீக, ஊறுகா போட்டுருவாக!"

குழம்பில் உப்பு குறைந்தால்கூட நான் கேட்பதில்லை.