கோஹிமா மலையில் நான் கும்பிட்ட கல்

நட்டுவைத்த கல்லைக் கண்டால் என் கால் தானாகச் செருப்பை உதறிவிடும், கை கன்னத்தில் போட்டுக்கொள்ளும். இதில் என் மூளைக்கு வேலையே கிடையாது. (மற்றதில் மட்டும் இருக்கிறதா என்பாள் என் மனைவி.)

அவளுடைய தம்பி செல்வம், திருச்சியில் தன்னோடு வேலை பார்த்த நர்ஸ் அவினோவைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். பெண் நாகாலாந்து. என் மாமனார் முறைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் இறங்கி வந்தார்.

"மாப்ள, நீங்க போயி குடும்பம் எப்படின்னு பாத்துட்டு வாங்க. நீங்க சரின்னா எனக்கும் சரி."

ஜெயங்கொண்டத்தில் என்னிடம் யாரும் கருத்துக் கேட்டதே இல்லை. எனவே செல்வத்தையும் கூட்டிக்கொண்டு மிதப்பாகக் கிளம்பினேன். ஊரில் சொன்னது, மலையும் கலாச்சாரமும் பார்க்கப் போகிறோம் என்று.

போன பிறகு அதுவே உண்மையாகிவிட்டது. மலையையே படிப்படியாக வெட்டி நெல் போட்டிருந்தார்கள். இதில் டிராக்டர் எப்படித் திரும்பும் என்று கேட்டேன்.

"டிராக்டரே வராதுண்ணா. நாங்கதான் திரும்பணும்" என்றாள் லீவில் ஊருக்கு வந்திருந்த அவினோ.

அடுப்புக்கு மேல் புகையில் தொங்கிய இறைச்சி, மூங்கில் குருத்து என்று எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்டேன். செல்வம் என் சட்டையை இழுத்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் காலை தனியாக வெளியே வந்தேன். வீட்டுக்குப் போகும் பாதையோரம் ஆளுயரத்துக்கு மேல் ஒரு கல், பாசி படிந்து நின்றது. கால் செருப்பை உதறியது. பையில் மாமியார் கொடுத்த செட்டிகுளம் முருகன் விபூதி, குங்குமம், சூடம் எல்லாம் இருந்தன. பட்டை போட்டு, குங்குமம் வைத்து, சூடம் ஏற்றி, கல்யாணம் நல்லபடியாக நடக்கவேண்டும் என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். எழுந்தால் மொத்தக் குடும்பமும் நிற்கிறது. நடுவில் அவினோவின் அப்பா. அந்த ஊர் சர்ச்சில் பெரிய மனிதர்.

"மாமா, அது சாமி இல்ல" என்றான் செல்வம், அழாத குறையாக.

"பின்ன?"

"எங்க தாத்தாண்ணா" என்றாள் அவினோ. "ஊருக்கே விருந்து வச்சாரு. அப்படி வச்சவங்களுக்கு ஊரே சேந்து கல்லை இழுத்துட்டு வந்து நடுவாங்க."

கல்யாணம் என்னால் நின்றது என்றே நினைத்தேன். அவள் அப்பா விபூதியைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். பிறகு அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். பயத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவர் சிரித்தார்.

"எங்க தாத்தாவுக்கு இவ்ளோ மரியாதை செஞ்சீங்களே, நீங்களும் ஒரு ஊருக்குச் சோறு போடுவீங்களான்னு அப்பா கேட்டாரு. நீங்க சரின்னுட்டீங்க" என்றாள் அவினோ.

போட்டேன். கல்யாணத்துக்கு மறுநாள் எங்கள் தெருவே என் செலவில் கறிச்சோறு தின்றது. சம்பந்தியான அவினோவின் அப்பா முறை தவறாதவர். அரியலூரிலிருந்து ஒரு சுண்ணாம்புப் பாறையை வரவழைத்து, தெருமுனையிலிருந்து சொந்தக்காரர்களை வடம் பிடித்து இழுக்க வைத்து, என் வாசலில் நட்டுவிட்டுத்தான் ரயில் ஏறினார்.

அடுத்த ஆடியில் யாரோ அதற்கு மஞ்சள் துணி கட்டினார்கள். இப்போது வெள்ளிக்கிழமையானால் எலுமிச்சம்பழ விளக்கும் உண்டு. போன வாரம் வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன். முன்பின் தெரியாத ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி, சாமிய மறைக்கிறீங்க" என்றார்.

தள்ளி நின்றேன். உள்ளேயிருந்து என் மனைவி கூப்பிட்டாள்: "சாமி, இட்லி ஆறுது, வாங்க."