முருங்கை மரத்துத் தேன்சிட்டும் மாமாவின் காதும்

ஜமுனாமரத்தூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மைத்துனன் கோகுல்ராஜுக்கு மாமா கருப்பன் எழுதுவது. இங்கே உன் அக்காவின் முழங்காலைத் தவிர அனைத்தும் நலம். போளூரில் நீயும் அன்பரசியும் பிள்ளைகளும் நலம் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் கேட்கும். போட்டால் உன் அக்காவுக்கும் கேட்கும். அவளுக்குத் தெரியக் கூடாது. அதனால் தபால்.

எனக்குக் காது சரியில்லை. பேச்சு ஓரளவு கேட்கிறது. கீச்சுச் சத்தம் அறவே இல்லை. நாங்கள் மாவு மிஷினை மூடியதிலிருந்து காலையில் டீயோடு தோட்டத்தில் உட்காருவது வழக்கமாகிவிட்டது. முருங்கை பூத்தால் தேன்சிட்டுகள் வரும். கட்டைவிரல் அளவுதான், ஆண்சிட்டு வெயில் பட்டால் கருநீலமாக மினுக்கும். முதல் நாளே உன் அக்கா பூங்கோதை, "இன்னாமா பாடுது பாருங்க, கேக்குதா?" என்றாள். ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு ஆசையாகச் சொல்கிறாளே என்று, "கேக்குதே" என்று சொல்லித் தொலைத்தேன். இரண்டு வருடமாகத் தினமும் அதே பொய். ஒருநாள் இலைக்குள் மறைந்த சிட்டு எந்தப் பக்கம் கத்துகிறது என்றாள். குத்துமதிப்பாகக் கொய்யா மரத்தைக் காட்டினேன், அவளும் "ஆமா, அங்கதான்" என்றாள், அந்தத் தைரியத்தில் எது கோபமாகக் கத்துகிறது, எது ஜோடியைக் கூப்பிடுகிறது என்றெல்லாம் நான் விளக்கம் சொல்ல ஆரம்பிக்க, அவள் அதைத் தெருவெல்லாம் சொல்லிவைக்க, தோட்டம் தோட்டமாகப் பறவைக் கணக்கு எடுக்கிற பிரியதர்ஷினி டீச்சர் போன ஞாயிறு நோட்டோடு வந்துவிட்டார். "எங்கூட்டுக்காரருக்குப் பாம்புக் காதும்மா" என்று இவள் நாற்காலி போட்டாள். பத்து நிமிடத்தில் சிட்டு எத்தனை தரம் கத்துகிறது என்று மூவரும் தனித்தனியாக எழுத வேண்டுமாம். நான் பதினொன்று என்று எழுதினேன். உன் அக்காவும் பதினொன்று. சாமி காப்பாற்றியது என்று நினைத்தேன். டீச்சர் எழுதியது நாற்பத்தேழு.

"பரவால்லங்கய்யா. வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடி வர்றேன், பொறுமையா கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பூங்கோதை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பொய்யன் என்று தெரிந்துவிட்டதோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே சனிக்கிழமை நீ உன் மோட்டார் சைக்கிளில் வந்து, பத்திர ஆபீஸ் வேலை என்று அவளிடம் சொல்லி, என்னை வேலூரில் காது டாக்டரிடம் காட்டிக் கொண்டுவர வேண்டும். காதில் மெஷின் வைக்கச் சொன்னாலும் சரி, மேலே தலைப்பாகை கட்டிக்கொள்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். அன்பரசியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
மாமா கருப்பன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் பூங்கோதை இதை எடுத்துப் படித்துவிட்டாள். பிறகு, "எனுக்கும் கேக்கறதில்லீங்க. அதும் மூக்கு அசையறத வெச்சிதான் பாடுதுன்னு சொல்லிக்கினு இருந்தேன். நீங்க கேக்குதுன்னதும் எனுக்கு மட்டுந்தான் காது போச்சின்னு பயந்துட்டேன். அன்னிக்கு உங்க காயிதத்தப் பாத்துதான் எழுதினேன்" என்றாள். இருபத்தெட்டு வருடம் காதைப் பிளக்கிற அந்த மாவு மிஷினுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் நின்றதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. அதனால் பத்திர ஆபீஸ் பொய் வேண்டாம். மோட்டார் சைக்கிளும் வேண்டாம், மூன்று பேர் ஆகிறோம். பஸ்ஸிலேயே போகலாம். கண்டக்டர் ஊர்ப் பெயர் சொல்வதை மட்டும் நீ கேட்டுச் சொல்லிவிடு.