பொம்மை அடுப்பும் சம்பந்தியின் வலது கண்ணும்

பாசிர் ரிஸ்
வியாழக்கிழமை காலை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. பாலகிருஷ்ணன் அவர்களுக்கு, சேதுபதி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் பூவம்மாவும் மகன் குமரனும் நலம். அங்கு தாங்களும், சம்பந்தியம்மாவும், பதினோரு நாளாகத் தங்கள் வீட்டில் தங்கியிருக்கும் எங்கள் மருமகள் ரோஷினியும், இரட்டைப் பேரப்பிள்ளைகள் ரித்திக், இனியா இருவரும், முக்கியமாகத் தங்களுடைய வலது கண்ணும் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

நாலு எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் தள்ளி பிடோக்கில் இருப்பவருக்கு, அதிலும் கண் ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு, எவனாவது கடிதம் எழுதுவானா என்று நீங்கள் கேட்கலாம். ஃபோன் செய்தால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள். ரோஷினி பக்கத்திலேயே இருப்பாள். நேரில் வந்தாலும் அதே கதைதான். நான் சொல்லப்போவது அவள் காதில் விழக்கூடாது. அதனால்தான் இடது கண்ணால் மெதுவாகப் படித்துக்கொள்ளும்படி பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறேன். உங்களுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன செய்தி நேற்று மாலைதான் எங்களுக்குத் தெரிந்தது. அதைக் கேட்டு நானும் என் மனைவி பூவம்மாவும் அடைந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

போன வாரத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, இரவுச் சாப்பாட்டின்போது ரோஷினி தன் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினாள். பிள்ளைகள் விளையாடுவதற்கான பொம்மைச் சமையலறை. பொம்மை என்றால் கையில் எடுத்துக்கொண்டு போகிற பொம்மை இல்லை. நாலு அடுப்பு, ஓவன், மைக்ரோவேவ், சிங்க், இரண்டு கதவு ஃபிரிட்ஜ், எல்லாம் மரத்தில் செய்து, ஒரு பக்கச் சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. அடுப்பைத் திருகினால் எண்ணெய் கொதிக்கிற சத்தம் வேறு வருமாம். "பிள்ளைங்களுக்கு நாலு வயசு ஆகப்போவுது மாமா, பர்த்டேக்கு வாங்கலாமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இதக் கொண்டாந்து ஹால்ல வச்சா நாமெல்லாம் காரிடார்லதான் குடித்தனம் பண்ணணும். தேக்கா கடைங்க பக்கம் போனா சொப்புச் சாமான் டப்பா டப்பாவா தொங்குது, ஒண்ணு வாங்கிக் குடுத்தா முடிஞ்சது" என்று சொல்லிவிட்டேன். அவள் "ஓகே மாமா" என்றாள். அவ்வளவுதான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு, "அம்மா வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு வரேன் அத்தை, கிண்டர்கார்டனும் லீவுதானே" என்று பூவம்மாவிடம் சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு கிளம்பினாள். இரண்டு நாள் நாலு நாள் ஆயிற்று. பூவம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள் என்பதை அவள் வாயால் சொல்லவில்லை, ரசத்தால் சொன்னாள். நாலு நாளும் எனக்கு வெறும் ரசம், அப்பளம் கூடக் கிடையாது. குமரனைக் கேட்டால் "வருவாப்பா" என்று சொல்லிவிட்டுக் கணினியைப் பார்க்கிறான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் தினமும் காலையில் தாமரைப்பூ படத்தோடு வணக்கம் போடுவேன், ரோஷினி கைகூப்பிப் பதில் போடுவாள். அந்த வாரம் முழுக்க வெறும் கட்டைவிரல்தான் வந்தது. வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் உங்கள் வீட்டுக்கு ஃபோன் போட்டேன். சம்பந்தியம்மா எடுத்து, குரலை இறக்கி, "அவர் படுத்திருக்கார் அண்ணே, எழுப்பக் கூடாது" என்றார். மணி பதினொன்று. காலை பதினொரு மணிக்கு ஒரு மனிதர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்றால், மகளை நினைத்து எவ்வளவு நொந்துபோயிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

சனிக்கிழமை மூன்று கிலோ ரம்புத்தான் வாங்கிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று பிடோக்குக்கு வந்தேன். இது உங்களுக்குத் தெரியாது. உங்கள் அடுக்குமாடி பிளாக்கை நெருங்கும்போது நீங்களே கீழே நின்றுகொண்டிருந்தீர்கள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. ரோஷினி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டாக்சி கதவைத் திறந்துகொண்டிருந்தாள். நான் பையோடு சேர்த்துக் கையைத் தூக்கி ஆட்டினேன். நீங்கள் என்னை நேருக்கு நேர் பார்த்தீர்கள், பார்த்துவிட்டு ஒரு தலையசைப்புக் கூட இல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு டாக்சியில் ஏறிப் போய்விட்டீர்கள். குமரனுக்குக் கல்யாணமான இந்த ஆறு வருஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசாமல் நீங்கள் போனதில்லை. சம்பந்தி, உண்மையைச் சொல்கிறேன், உங்கள் வீட்டு வாசல் ஏற எனக்குத் தைரியம் வரவில்லை. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் பாதி ரம்புத்தானை நானே உரித்துத் தின்றேன். ஒரு பொம்மை அடுப்புக்காக என் மகன் குடும்பத்தை நானே பிரித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் டேப்லெட்டை எடுத்து அதே சமையலறையைத் தேடிப் பிடித்தேன். சின்னது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவு இருந்தது. மன்னிப்பில் சின்னது நடுத்தரம் எல்லாம் கிடையாது என்று பெரியதையே தட்டிவிட்டேன். செவ்வாய்க்கிழமை பிற்பகல் முபாரக் என்று ஒரு டெலிவரிக்காரத் தம்பி, நம் ஆள்தான், பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பூவம்மா வாசலை மறித்து நின்றுகொண்டு காலண்டரைப் பார்த்தாள். ராகு காலம் முடிய இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது, அடுப்பு உள்ளே வரக்கூடாது என்றாள்.

"ஆன்ட்டி, இது விளையாட்டுச் சாமான்தானே லா. எனக்கு இன்னும் பதினோரு வீடு இருக்கு."

"அடுப்புன்னு வந்துட்டா அடுப்புதான் தம்பி. அதுவும் புள்ளைங்க அடுப்பு. வடை போடறேன், உட்காருங்க."

முபாரக் முதலில் முகத்தைச் சுளித்தார். மூன்றாவது வடைக்குப் பிறகு அவரே மணி பார்த்து, "இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு ஆன்ட்டி, அவசரப்படாதீங்க" என்றார். பெட்டி உள்ளே வந்ததும் அடுத்த தகராறு. அடுப்பு தென்கிழக்கு மூலையில்தான் இருக்க வேண்டுமாம். முபாரக் தன் ஃபோனிலேயே திசைகாட்டியைத் திறந்து பார்த்துச் சொன்னார், எங்கள் தென்கிழக்கு மூலையில் டிவி இருக்கிறது என்று. டிவி இப்போது செருப்பு அலமாரி மேல் உட்கார்ந்திருக்கிறது. நான் செய்தி பார்க்க வேண்டுமானால் வாசல் பக்கம் நின்றுகொண்டு பார்க்க வேண்டும், போகிறவர் வருகிறவரெல்லாம் என்னிடம் தபால் உண்டா என்று கேட்கிறார்கள்.

முப்பத்து நாலு வருஷம் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன் நான். அந்தப் பெட்டிக்குள் இருந்த குறிப்புப் புத்தகத்தில் ஒரு எழுத்துக் கிடையாது, எல்லாம் சிரிக்கிற ஒரு ஆள் படம்தான். செவ்வாய் சாயங்காலம் ஆரம்பித்தது புதன் மத்தியானம்தான் முடிந்தது. ஃபிரிட்ஜ் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. நாலு திருகாணி மிஞ்சிவிட்டது. பட்டறையில் ஒரு திருகாணி மிஞ்சினாலும் கப்பலைக் கடலில் இறக்க விடமாட்டோம், இங்கே நாலையும் சட்டைப் பையில் போட்டு மறைத்துவிட்டேன். பூவம்மா அதன் முன்னால் கோலம் போட்டு, அந்தப் பொம்மை அடுப்புக்குக் குங்குமம் வைத்து, எங்கள் அசல் அடுப்பில் பால் காய்ச்சிக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தாள். வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, "அடுப்பு வந்துடுச்சு, ஆக்கறதுக்குப் புள்ளைங்கதான் வீட்டுல இல்ல" என்று அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. அடுப்பைத் திருகினேன், எண்ணெய் கொதிக்கிற சத்தம் வந்தது, இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் சம்பந்தியம்மாவின் ஃபோன். பூவம்மா பேசிவிட்டு வைத்தாள். "அவருக்குக் கண்ணுல ஆபரேஷனாம். நேரத்துக்கு நேரம் மருந்து ஊத்தணும், சம்பந்தியம்மாவுக்குக் கை நடுங்குதாம், அதுக்குத்தான் ரோஷினி போயிருக்கா. டாக்டர் பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டாராம். நம்ம மேல கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள். சம்பந்தி, எனக்கு உயிர் வந்தது. ஆக அன்று நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு கண்ணில் மருந்து, இன்னொரு கண்ணிலும் புரை, எதிரே யானை நின்றிருந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. இதை விட நல்ல செய்தி எனக்கு இந்த வருஷத்தில் வரவில்லை. பாலைக் குடித்துவிட்டு, பத்து நாளில் முதல் தடவையாக எனக்குப் பூவம்மா அப்பளம் பொரித்துக் கொடுத்தாள்.

இரவு குமரனைப் பிடித்து உலுக்கினேன். "மாமா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாருப்பா, முக்கியமா உங்ககிட்ட. நீங்க உங்க ஃபிரண்டுக்கு நடந்த ஆபரேஷன் கதையைச் சொல்லிப் பயமுறுத்துவீங்களாம்" என்றான். நியாயம்தான், நான் சொல்லியிருப்பேன். வருத்தமில்லை. இடது கண்ணுக்கும் செய்ய வேண்டியிருந்தால் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள், ரோஷினியை எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டி ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிடுங்கள், ஆபரேஷனைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன். சமையலறை வந்ததைப் பற்றி அவளிடம் மூச்சு விட வேண்டாம். அவள் ஆசைப்பட்டது வீட்டில் நிற்பதைப் பார்த்துத் திகைக்கட்டும். பெரியது வாங்குவதா வேண்டாமா என்பதில் நான் பேசியது தப்பு, வாங்கியதுதான் சரி என்று அவளிடமே ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

தாங்கள் இரண்டு கண்ணும் தெளிந்து, கொள்ளுப்பேரன் கல்யாணப் பத்திரிகையைக் கண்ணாடி போடாமல் படிக்க வேண்டும் என்று வாழ்த்தி, சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு முத்தத்தையும் தெரிவித்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
நிம்மதியுடன்,
சேதுபதி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் வாசல் மணி அடித்தது. ரோஷினியும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். பிள்ளைகள் என்னைத் தாண்டி ஓடினார்கள், ரித்திக் ஓவனுக்குள் தலையை விட்டுவிட்டான். ரோஷினி மட்டும் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றாள்.

"என்ன மாமா இது?"

"நீ கேட்டதுதாம்மா."

"ஐயோ மாமா, அன்னிக்கே நான் குமரன்கிட்ட சொல்லிட்டேனே. மாமா சொல்றதுதான் கரெக்ட், நம்ம வீட்டுக்கு இது ரொம்பப் பெருசு, வேணாம்னு. அதான் ஓகேன்னு சொன்னேன்."

முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் நான் சொன்னது சரி என்று இந்த வீட்டில் ஒருவர் ஒப்புக்கொண்டது இதுதான் முதல் தடவை. அதைக் கொண்டாட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. திருப்பி அனுப்பிவிடலாம் என்கிறாள் ரோஷினி. பால் வைத்த அடுப்பை வெளியே அனுப்புவதாவது என்கிறாள் பூவம்மா. இனியா அதற்குள் எனக்குப் பிளாஸ்டிக் முட்டை பொரித்துத் தட்டில் வைத்துவிட்டாள். ஒரு மணி நேரமாக நானும், அம்மா ரோஷினி, நான் சொன்னது தப்பு, சுத்தத் தப்பு, இவ்வளவு பெரியது அவசியம் வேண்டும் என்று வாதாடிப் பார்க்கிறேன். என் மாமா சொன்ன சொல்லை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாள். தயவுசெய்து நீங்கள் ஒரு ஃபோன் போட்டு, உன் மாமனாருக்கு ஒன்றும் தெரியாது என்று உங்கள் மகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவாள்.