ஆறிலிருந்து ஏழு வரை

ஐந்து ஐம்பதுக்கு ரோவன் ஹோல்ராய்டின் சைக்கிள் பின்சக்கரத்தில் காற்று இறங்கியது. வீடு இன்னும் பதினொரு மைல். ஆறு மணிக்கு அவன் வீட்டில் இருந்தாக வேண்டும்; இரவு வேலை தாமதமாக முடிந்ததில் ஏற்கெனவே பிந்திவிட்டான்.

ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் இருப்பவர்களுக்கு அதுதான் விதி. தினமும் ஒரு மணி நேரம், எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில், யார் எப்போது வந்து கதவைத் தட்டினாலும், சிறுநீர் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். ஒரு வருடத்தில் மூன்று முறை தவறினால் இரண்டு வருடத் தடை. ரோவன் வருடம் முழுவதற்கும் 'காலை ஆறிலிருந்து ஏழு, வீடு' என்று ஒரேயடியாக நிரப்பி வைத்திருந்தான்.

இரண்டு முறை ஏற்கெனவே தவறியாகிவிட்டது. முதல் தடவை பெல்ஜியத்தில் ஒரு விடுதியில் தூங்கிப்போனான். இரண்டாவது தடவை வீட்டில்தான் இருந்தான். அழைப்புமணியில் பேட்டரி தீர்ந்திருந்தது. அதற்குப் பிறகு சோதனை அமைப்பிலிருந்து வந்த கடிதத்தை அவன் பிரிக்கவே இல்லை. திட்டித்தான் எழுதியிருப்பார்கள். சமையலறையில் ரொட்டி சுடும் கருவிக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டான். ஏப்ரலிலிருந்து நினைவூட்டல் செய்திகள்கூட வரவில்லை. ரொம்பக் கோபமாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டான்.

அவனுக்கு வயது இருபத்துமூன்று. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் நான்கு வருடத்துக்கு முன் அவன் பெயரைத் தெரியாத சைக்கிள் சங்கம் கிடையாது. பிறகு அவனுடைய அணிக்குப் பணம் கொடுத்த குழாய்க் கம்பெனி மூழ்கியது, அணியும் மூழ்கியது. மிஞ்சியது ஒரு ஜோடி பந்தயச் சக்கரங்கள். இப்போது சாண்ட்விச் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். ஒவ்வொரு ரொட்டியிலும் இரண்டு வெள்ளரித் துண்டு வைப்பது அவன் பொறுப்பு. ஆகஸ்டில் ஒரு சின்ன பெல்ஜிய அணி அவனை ஓட்டிப் பார்க்கக் கூப்பிட்டிருந்தது. அது ஒன்றுதான் பாக்கி. மூன்றாவது முறை தவறினால் அதுவும் போச்சு.

சாலையோரச் சுவரில் சைக்கிளைச் சாய்த்து டயரைக் கழற்றினான். ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றியிருந்த வெள்ளைப் பசை அவன் முகத்தில் பீய்ச்சியடித்தது. மூன்று வருடம் அணியின் மெக்கானிக்தான் இதையெல்லாம் செய்தான். ரோவன் கையை மட்டும் தூக்குவான்; வேறு சக்கரம் வந்துவிடும்.

பையில் மாற்று டியூப் இருந்தது. அதையும் போட்டான். பிறகுதான் தெரிந்தது, பந்தயச் சக்கரத்தின் விளிம்பு உள்ளங்கை அகல ஆழம். டியூபில் காற்றடிக்கும் மூக்கோ கட்டைவிரல் நீளம். மூக்கு வெளியே எட்டவே இல்லை. உள்ளே எங்கோ ஒளிந்துகொண்டு இருந்தது. காற்றடிக்க வழியில்லை.

தங்கை எஃபிக்கு போன் செய்தான். பதினெட்டு வயது. அவளும் பந்தயம் ஓட்டுகிறாள்; அவன் போய்ப் பார்த்ததில்லை. கார் லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதம்.

"எஃபி, அம்மா காரை எடுத்துட்டு உடனே வா. டயர் போச்சு. பழைய சாவடிகிட்ட நிக்கிறேன்."

"இப்பவா?"

"இல்ல, கிறிஸ்துமஸுக்கு. இப்பத்தான்டி."

"ஏழு மணிக்கு மேல வரவா?"

"ஏழு மணிக்கு மேல வந்து என் பொணத்தை அள்ளிட்டுப் போ. எனக்கு இது மூணாவது. தெரியும்ல?"

"தெரியும். ஆனா ஏழு வரைக்கும் என்னால வீட்டை விட்டு நகர முடியாதுண்ணா."

"ஏன், என்ன கிழிக்கிறே அங்க?"

எஃபி அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனாள்.

"உனக்கு மூணாவதுதானே?" என்றாள்.

"எத்தனை தடவைடி சொல்றது?"

"சரி. வரேன். அங்கேயே நில்லு. எங்கேயும் போயிடாதே. பள்ளத்தாக்கு ரோடு வழியா இருபது நிமிஷம்."

ஆறு பத்துக்கு அப்பாவின் போன்.

"டேய், வந்தாச்சு."

"யாரு?"

"அந்தம்மாதான். கையில பெட்டி, கழுத்துல அட்டை. சமையக்கட்டுல உக்காத்தி வெச்சு டீ கொடுத்திருக்கேன்."

"அப்பா, வழியில வந்துட்டு இருக்கான்னு உண்மையைச் சொல்லிடுங்க."

"உண்மையா? அந்தம்மா வாயைத் திறக்கறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். மாடியில குளியல் நடக்குது, கொஞ்சம் நேரமாகும்னுட்டேன்."

"ஐயோ அப்பா. வீட்டுல இல்லைன்னா தவறினதா மட்டும்தான் கணக்கு. இருக்கேன்னு சொல்லிட்டு வரலைன்னா ஒளிஞ்சுக்கிட்டதா ஆயிடும். அதுக்கு நாலு வருஷம்."

"முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? சரி விடு, நம்பற மாதிரி இருக்கட்டும்னு தொட்டியில தண்ணியத் திறந்து விட்டிருக்கேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. பரவாயில்ல, காத்திருக்கேன்னாங்க. பிஸ்கட் எடுத்துக்கிட்டாங்க. நல்ல மனுஷியாத்தான் தெரியுது."

ஆறு இருபது. எஃபி வரவில்லை. பால் கறக்க ஓட்டிப்போகும் மாடுகள் சாலையைக் கடக்கின்றன, நகரவே மாட்டேன் என்கின்றன என்று ஒரு செய்தி மட்டும் வந்தது.

அப்போது மேட்டிலிருந்து ஒரு கிழவர் சைக்கிளில் இறங்கி வந்தார். பழைய சங்கச் சட்டை, தொப்பை, மின்சார சைக்கிள். ரோவனைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"நீ ஹோல்ராய்ட் பையன்தானே? மூஞ்சியில என்ன, தயிரா?"

"டயர் பசை."

"என் பேரு ஹெட்லி. நீ ஜூனியர்ல ஜெயிச்சப்ப மழையில நின்னு கைதட்டினேன். நிமோனியா வந்துச்சு. இப்ப எந்த அணியில இருக்கே?"

"இப்போதைக்கு இல்ல."

"வயசு என்ன?"

"இருபத்துமூணு."

ஹெட்லி மெதுவாகத் தலையசைத்தார். துக்க வீட்டில் அசைக்கிற மாதிரி. "ஆயிடுச்சுப்பா. இப்பல்லாம் அணிக்காரன் பதினெட்டுலயே கொத்திட்டுப் போயிடறான். பள்ளிக்கூடப் பரீட்சை எழுதிட்டு நேரா பிரான்ஸுக்கு பிளேன் ஏறுது பிள்ளைங்க. நம்ம நாட்டுல இவ்வளவு நல்லா ஓட்டுற பசங்க எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல. பொற்காலம். உனக்குத்தான் இல்ல, பாவம்."

"ஐயா, உங்க சைக்கிளைத் தரீங்களா? ஏழு மணிக்குள்ள வீட்டுக்குப் போகலைன்னா என் கதை முடிஞ்சுது."

"அது முடிஞ்ச மாதிரிதான் தெரியுது. நான் எப்படிப் போறது?"

"என் தங்கச்சி கார்ல வந்துட்டு இருக்கா. உங்களை வீட்டு வாசல்லயே விட்டுடுவா."

"எங்க வீடு எதிர்ப் பக்கம். வழியில ரொட்டி வாங்கணும்."

"வாங்கித் தருவா."

"பூனைக்கு மருந்தும் வாங்கணும்."

"எல்லாம் செய்வா ஐயா."

பள்ளத்தாக்குச் சாலையில் போனால் அந்த வண்டியில் ஏழுக்குள் முடியாது. மேட்டுச் சாலைதான் குறுக்கு. ரோவன் ஏறி உட்கார்ந்தான். இருபத்தைந்து கிலோ இரும்பு, முன்னால் கூடை, கூடையில் ஒரு குடை.

மின்சார சைக்கிளில் ஒரு சட்டம் உண்டு. பதினைந்து மைல் வேகத்தைத் தாண்டினால் மோட்டார் தானாகவே நின்றுவிடும். ரோவனின் கால்களுக்குப் பதினைந்துக்குக் கீழே ஓட்டத் தெரியாது. அவன் மிதிக்க மிதிக்க மோட்டார் கைவிட்டது. மூச்சு வாங்கி வேகம் குறைந்தால் மோட்டார் ஓடி வந்து உதவியது. நன்றாக ஓட்டினால் தண்டனை, சோர்ந்தால் பரிசு. மேடு தொடங்கிய இடத்தில் பேட்டரியும் செத்தது. பிறகு தண்டனை மட்டும்தான்.

எதிர்க்காற்று. மழைத் தூறல். ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டன. ரோவன் வாய் பிளந்து, எச்சில் ஒழுக, அந்த இரும்பை மேலே இழுத்தான். உச்சியைத் தொட்டபோது ஒன்று புரிந்தது: அவன் வாழ்க்கையில் ஓட்டியதிலேயே இதுதான் சிறந்த ஓட்டம். இந்தக் கால்களைப் பார்த்தால் எந்த அணியும் அன்றைக்கே கையெழுத்து வாங்கியிருக்கும். வேகமும் பலமும் பதிவாகும் கருவி அங்கே சுவரோரம், காற்றில்லாத சைக்கிளில் இருந்தது. பார்த்தவை ஆடுகள்தான்.

மேட்டில் போனுக்கு சிக்னல் இல்லை. இறக்கத்தில் வந்ததும் எஃபியின் செய்திகள் மொத்தமாக வந்து விழுந்தன.

'எங்கண்ணா இருக்கே?'

'உன் சைக்கிளும் ஒரு தாத்தாவும்தான் இருக்காங்க.'

'தாத்தாவை வீட்டுல விடணுமாமே?'

'ரொட்டிக்கடை இன்னும் திறக்கல.'

கடைசியாக ஒன்று: 'நீயாவது போய்ச் சேர்ந்துடு.'

படிக்க நேரமில்லை. போனைச் சட்டைக்குள் போட்டான்.

ஆறு ஐம்பத்தேழுக்கு வாசலில் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினான். அப்பா முழங்கால் வரை நனைந்து, கையில் வாளியோடு நின்றார். சமையலறைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திறந்து விட்ட குழாயை அவர் மூடவே இல்லை. அந்த அம்மாள் பெட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, சொட்டு விழாத இடமாகப் பார்த்து நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்திருந்தார்.

மாடியில் குளிக்க வேண்டியவன் வாசல் வழியாக வந்ததை அப்பா ஒரு நொடி யோசித்தார். "ஜன்னல் வழியா இறங்கியிருப்பான்" என்றார் அந்த அம்மாளிடம்.

"வந்துட்டேன்," என்றான் ரோவன். குரல் எழும்பவில்லை. "மேடம், மணி ஆறு ஐம்பத்தெட்டு. ஏழு ஆகல. பாருங்க, கடிகாரத்தைப் பாருங்க."

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றார் அவர்.

"எங்கப்பா சொன்னது பொய். குளிக்கல. டயர் போச்சு. ஆனா நான் ஒளியல. நேரத்துக்குள்ள வந்துட்டேன், அதானே விதி?" அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தான். ஈரமாக இருந்தது. சட்டையில் துடைத்து மறுபடி வைத்தான். "டப்பாவைக் கொடுங்க. எவ்வளவு வேணும்னாலும் தரேன். ராத்திரியிலிருந்து அடக்கி வெச்சிருக்கேன்."

அந்த அம்மாள் அட்டையைப் பார்த்தார். அவன் முகத்தில் காய்ந்திருந்த வெள்ளைப் பசையைப் பார்த்தார். கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். முகத்தில் கொஞ்சம் இரக்கம்கூடத் தெரிந்தது.

"நீங்கதான் அண்ணனா?" என்றார்.

"என்னது?"

கூரையிலிருந்து ஒரு சொட்டு படிவத்தின் மேல் விழுந்தது. அதை விரலால் துடைத்துவிட்டு, பேனா மூடியைக் கழற்றி, கடிகாரத்தை மறுபடி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க பேரை மார்ச்சுலயே பட்டியல்ல இருந்து எடுத்துட்டோம்னு கடுதாசி போட்டோமே தம்பி; நான் வந்தது எஃபிக்கு, இன்னும் ரெண்டே நிமிஷம்தான் இருக்கு, அவங்க குளிச்சு முடிச்சாச்சா?"