யாரும் கேட்டிராத மெட்டு

நேற்றுக் காலையில் பிறந்த மெட்டு அது. இன்னும் தாளில் ஏறவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போகவில்லை. கட்டிய மனைவிக்குக்கூட வாசித்துக் காட்டவில்லை. அந்த மெட்டைத்தான் தரைத்தளத்துப் பல் மருத்துவர், தன் மருத்துவமனையின் ஷட்டரைத் தூக்கியபடி, சுருதி பிசகாமல் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது மாடியிலிருந்து படியிறங்கி வந்த சிணுங்கியார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"டாக்டர்... இது என்ன பாட்டு?"

சீட்டி பாதியில் அறுந்தது. மருத்துவர் ஒருமுறை மேலே மூன்றாவது மாடியைப் பார்த்தார். ஒருமுறை தரையைப் பார்த்தார்.

"இதுவா சார்? பழைய பாட்டு. எங்கேயோ கேட்டது."

"எங்கே கேட்டீங்க?"

"அதான் சார்... எங்கேயோ" என்று உள்ளே போய் ஷட்டரை இறக்கிக்கொண்டார். அன்றைய முதல் நோயாளி கன்னத்தில் கை வைத்தபடி வெளியிலேயே நின்றார்.

சிணுங்கியார் என்பது மைத்துனன் வைத்த பெயர். தொட்டால் சுருங்குகிற செடியின் பெயரை அப்படியே வைத்தால் மரியாதையாக இருக்காது என்று ஓர் 'ஆர்' சேர்த்திருந்தான். பொருத்தமான பெயர்தான். பழைய வீட்டில் பக்கத்துக்குடிக்காரர் ஒருநாள், "உங்க தும்மல் கொஞ்சம் பலம் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சிணுங்கியார் தும்முவதையே விட்டுவிட்டார். வருகிற தும்மலை மூக்கிலேயே அமுக்கி அமுக்கிக் காது அடைத்து, வைத்தியம் பார்த்து, கடைசியில் வீட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த அன்றே அவர் மனைவி ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கி, ஒவ்வொரு வாசலிலும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிவிட்டு வந்தாள். அதிலிருந்து கட்டடமே அவரைப் பஞ்சில் வைத்த கண்ணாடியைப் போலத்தான் நடத்தியது.

தொழில், விளம்பரங்களுக்கு மெட்டுப் போடுவது. 'அந்தப் பாட்டு மாதிரி ஒண்ணு, ஆனா அந்தப் பாட்டு இல்லாம' என்று கேட்பார்கள். போட்டுக் கொடுப்பார். ஒருமுறை ஒரு மருத்துவமனையின் வரவேற்பறைக்காக நெஞ்சுருகி ஒரு மெட்டுப் போட்டார். அதைக் கேட்ட நோயாளிகளில் பாதிப்பேர் எழுந்துபோய் வாய் கொப்பளித்தார்கள். விசாரித்ததில், அது வேறொருவர் போட்ட பற்பசை விளம்பரத்தின் மெட்டு. இவருக்கே தெரியாமல் காதுவழியாக நுழைந்து, உள்ளே தங்கி, இவருடைய சாயலில் வெளியே வந்திருந்தது. அலுவலகத்தில் அன்று சிரித்த சிரிப்பு இன்னும் அவர் தூக்கத்தில் கேட்கும்.

இப்போது வந்திருப்பது வாழ்நாள் வாய்ப்பு. புதிய ரயில் பாதையின் நிலையங்களில், ஒவ்வோர் அறிவிப்புக்கு முன்னும் ஒலிக்கிற சின்ன மெட்டு. முதலாளி கூப்பிட்டு, "இது முழுக்க உன்னோடதா இருக்கணும்ப்பா. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குன்னு ஒருத்தன் சொன்னாலும் போச்சு. நீ மறுபடி சோப்புக்கும் கொசுவத்திக்கும் போட வேண்டியதுதான்" என்று சொல்லியிருந்தார். கெடு வெள்ளிக்கிழமை.

சிணுங்கியார் மாடியேறி வந்து சோபாவில் விழுந்தார்.

"ஏங்க, ஆபீஸ் போகலையா?"

"திருடன் எதுக்கு ஆபீஸ் போகணும்?"

நடந்ததைச் சொன்னார். மனைவியின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "அந்த டாக்டர் ஏதோ உளறியிருப்பார். அதே மெட்டைக் குடுங்க, நல்லா..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கும்னு சொல்ல வந்தேன்" என்று முடித்தாள்.

"வேண்டாம். வேற போடறேன்."

மெட்டு அவருக்குக் குளியலறையில்தான் பிறக்கும். கதவைத் தாழ் போட்டு, குழாயைத் திறந்து, வாளி நிரம்புகிற சத்தம் எழுந்துவிட்டால் வெளியுலகம் அற்றுப்போகும். அவரைப் பார்க்கவும் எடைபோடவும் ஆளில்லாத ஒரே இடம் அதுதான். அடுத்த நாள் காலை அங்கே இரண்டாவது மெட்டு பிறந்தது. முதலாவதைவிட நன்றாக இருந்தது.

தலையைத் துவட்டியபடி வெளியே வந்தால், சமையலறையில் மாமியார் வெங்காயம் நறுக்கியபடி அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கத்தி தாளம் போட்டது.

"அத்தை! இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இது என்ன மாப்பிள்ளை, இப்பத்தானே..." என்றவரின் கண், மருமகனின் தோளுக்குப் பின்னால் நின்ற மகளின் முறைப்பில் முட்டி நின்றது. "...இப்பத்தானே ஞாபகம் வந்துச்சு. சின்ன வயசுல கேட்டது."

"உங்க சின்ன வயசுலயா?"

"ஆமா. ரொம்பச் சின்ன வயசுல."

வெங்காயம் நறுக்கியது மாமியார். கண்ணீர் விட்டது மாப்பிள்ளை.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மாமியாரின் சின்ன வயசு முதலாளிக்குத் தெரியவா போகிறது என்று துணிந்து, அந்த மெட்டை அலுவலகத்துக்கு எடுத்துப்போனார். முதலாளி வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தார். சிணுங்கியார் வாசித்து முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிட்டார்.

"நிறுத்து. இதை நான் கேட்டிருக்கேன்."

"எங்கே சார்?"

"இன்னிக்குக் காலையில. கடைவாய்ப்பல்லைப் பிடுங்கும்போது. உங்க கட்டடத்து டாக்டர் ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் இதைத்தான் முணுமுணுத்தார். பல்லு வந்ததுகூடத் தெரியலை, அப்படி ஒரு பாட்டு. பல்லுன்னாலே உனக்கு ஆகாதுப்பா. வேற கொண்டா."

பேருந்தில் திரும்பும்போது சிணுங்கியார் ஒரு முடிவுக்கு வந்தார். தவறு தன் காதில் இருக்கிறது. மற்றவர்களுக்கு ஒரு காதில் நுழைவது மறு காதில் வெளியேறுகிறது. தனக்கோ எல்லாம் உள்ளேயே தங்கி, ஊறி, தன்னுடையது போல வேஷம் போடுகிறது. இனி எதுவும் நுழையக் கூடாது.

அன்று மாலையே வீட்டில் தொலைக்காட்சி அணைந்தது. வானொலி பரண் ஏறியது. அழைப்பு மணியின் கம்பியை அவரே பிடுங்கினார். அதனால் கடைக்குப் போன மாமியார் வாசலில் நின்று நின்று, கடைசியில் எதிர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தார். குக்கருக்கு விசில் தடை செய்யப்பட்டதில் இரண்டு வேளை சோறு குழைந்தது. இதற்கெல்லாம் மேலே, இரண்டு காதிலும் பஞ்சு. சாதாரணப் பஞ்சில்லை. மெழுகில் தோய்த்து, உருட்டி, விரலால் அழுத்தி வைத்த பஞ்சு.

"ஏங்க, சாப்பிட வாங்க."

"நாளைக்கா?"

"சாப்பாடு! சாப்பாடு!"

"கத்தாதே. புண்படுது."

மறுநாள் காலை பஞ்சு வைத்த காதோடு குளியலறைக்குப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. மூன்றாவது மெட்டு அவரை அழவைத்தது. இது எங்கிருந்தும் வந்திருக்க முடியாது. வருவதற்கு வழியே இல்லை.

அதைக் கொண்டாடப் பஞ்சை எடுத்துவிட்டு, எதிர்த்தெருவில் பழம் வாங்கப் போனார். பழக்காரம்மா ஆரஞ்சுகளை அடுக்கிக்கொண்டே அதைப் பாடினாள். பாட்டுக்கு அவளாகவே வார்த்தைகளும் போட்டிருந்தாள். மேல்வீட்டுச் சிறுமி அதற்குக் கயிறு தாண்டினாள். கட்டடத்துக்குள் நுழைந்தால், பல் மருத்துவர் அதைத் தன் மவுத் ஆர்கனில் வாசித்துக்கொண்டிருந்தார். அதுவும் ஒரு துணைச் சுரம் சேர்த்து, அசலைவிடக் கொஞ்சம் அழகாக.

சிணுங்கியார் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மேலே போய் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்குன்னு எதுவுமே இல்லை போலிருக்கு. நான் வெறும் சல்லடை. ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் என் வழியா ஒழுகுது."

"அப்படியெல்லாம் இல்லீங்க."

"அப்போ எப்படி எல்லாருக்கும் தெரியுது? சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். அவர் கீழுதடு நடுங்குவதைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"தெரியலைங்க" என்றாள்.

வியாழக்கிழமை, சாப்பாட்டு மேஜையில், அவர் தன் வாழ்க்கையிலேயே துணிச்சலான காரியத்தைச் செய்தார். ஏழு சுரங்களையும் மும்மூன்று சீட்டுகளில் எழுதி, மடித்து, ஒரு கிண்ணத்தில் போட்டுக் குலுக்கினார்.

"அத்தை, ஒவ்வொண்ணா எடுங்க."

"எனக்குப் பாட்டு தெரியாதே மாப்பிள்ளை."

"அதுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

மாமியார் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். ஒரே சுரம் தொடர்ந்து மூன்று தடவை வந்தது. அடுத்தது எங்கேயோ உச்சியில் போய் நின்றது. நடுவில் ஒரு சீட்டு கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டதால் அங்கே ஓர் இடைவெளி விழுந்தது. எல்லாவற்றையும் வரிசையாக வாசித்தபோது, பாத்திர அலமாரி படிக்கட்டில் உருண்டு, பாதியில் நின்று, யோசித்துவிட்டு மறுபடி உருண்டதைப் போலிருந்தது.

அவர் அதைக் கீழே கொண்டுபோய்ப் பல் மருத்துவருக்கு வாசித்துக் காட்டினார்.

"டாக்டர், இதைக் கேட்டிருக்கீங்களா?"

"சத்தியமா இல்லை சார்!" மருத்துவரின் முகத்தில் அத்தனை நிம்மதி. அந்த வாரத்தில் அவர் சொன்ன முதல் உண்மை அது.

பழக்காரம்மா கேட்டதில்லை. சிறுமி கேட்டதில்லை, அவளுக்குக் கயிறும் தடுக்கியது. சிணுங்கியாரின் நெஞ்சு நிமிர்ந்தது. வெள்ளிக்கிழமை, முதலாளி கண்ணை மூடி மூன்று முறை கேட்டார்.

"எங்கேயும் கேட்டதே இல்லை" என்றார்.

"பாராட்டுதானே சார்?"

"தெரியலை. ஆனா கேட்டதில்லை. ரயில்காரங்க கேட்டதும் இதுதானே? அனுப்பிடு."

திறப்பு நாளன்று கட்டடமே திரண்டு நிலையத்துக்கு வந்திருந்தது. 'நம்ம சார் மெட்டு' என்று மேல்வீட்டுக்காரர்கள் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழக்காரம்மா கடையை மூடிவிட்டு வந்திருந்தாள். பல் மருத்துவர் சட்டைப்பையிலிருந்து மவுத் ஆர்கனை எடுத்து, துடைத்து, உதட்டருகே தயாராக வைத்துக்கொண்டார். ரயிலுக்காகக் காத்திருந்த கூட்டத்தில் யாரோ ஒருவர் முதல் மெட்டைச் சீட்டியடிக்க, வேறொருவர் அதை எடுத்து முடித்தார். மருத்துவரிடம் பல் பார்த்தவர்களாக இருக்க வேண்டும். சிணுங்கியார் கூசிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்லவேளை, அதைக் கொடுக்கவில்லை!

ஒலிபெருக்கி உயிர்பெற்றது. பாத்திர அலமாரி உருண்டது. நின்றது. யோசித்தது. மறுபடி உருண்டது.

நிலையமே அண்ணாந்து பார்த்தது. ஒரு குழந்தை வீறிட்டது. மின்பணியாளர் ஒருவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஒலிபெருக்கியை நோக்கி ஓடினார்.

"ஒண்ணும் ரிப்பேர் இல்லைப்பா, என் மெட்டுதான்!" என்று சிணுங்கியார் கையை உயர்த்திக் கத்தினார். வாழ்க்கையில் முதல்முறையாக, கூச்சமே இல்லாமல். "என் சொந்த மெட்டு!"

"நான் எடுத்துக் குடுத்தது" என்றார் மாமியார், பக்கத்திலிருந்தவரிடம்.

பல் மருத்துவர் மவுத் ஆர்கனை மெல்ல இறக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. சிணுங்கியாரின் மனைவி அவசர அவசரமாகத் தலையை ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்று ஜாடை காட்டினாள்.

"மன்னிச்சுக்கம்மா, இதுக்கு மேல என்னால முடியாது" என்றவர், சிணுங்கியாரின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? தினம் காலையில குளிச்சுக்கிட்டே தொண்டை கிழியப் பாடுவீங்களே, குளியலறை ஜன்னல் வழியா நாலு மாடிக்கும் கேட்குமே, காதுல பஞ்சு வச்ச அன்னிக்கு எதிர்த்தெரு வரைக்கும் கேட்டுச்சே, அதுல ஒண்ணைக் குடுத்திருக்கக் கூடாதா?"