திரைக்குப் பின்னால் ஐந்து நாள்

எனக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. இதைக் கேட்டவுடன் என்னை இரக்கமுள்ள மனிதன் என்று நினைத்துவிட வேண்டாம். முடியாது என்றால் எதிரில் நிற்பவரின் முகம் சுருங்குமே, அதைப் பார்க்கத் தைரியமில்லாத கோழை, அவ்வளவுதான். அந்தக் கோழைத்தனத்தால் இருபத்தாறு வயதில் நான் பட்ட அவமானத்தை எங்கள் வீட்டில் இன்னும் கதைக்கிறார்கள். பேரப்பிள்ளைகள்வரை போய்விட்டது. இனி மறைத்துப் பயனில்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் அக்கரைப்பற்றுக்காரன். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படிக் கல்முனைக்குப் போனவன் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் மாஸ்டரும் ஆனேன். இங்கிலீஷ் எழுதத் தெரிந்த மாப்பிள்ளை என்ற செய்தி மூன்றே நாளில் ஊரெல்லாம் பரவியது. அதன் பிறகு ஊரிலுள்ள கடிதம், தந்தி, ஆஸ்பத்திரித் துண்டு, அரசாங்கக் கச்சேரிக்குப் போகும் பெட்டிசம் என்ற மனு அத்தனையும் என் கைக்கு வந்தன. சோற்றில் கை வைத்தால் வாசலில் செருமல் கேட்கும். "மாஸ்டர் இரிக்காரா? ரெண்டே ரெண்டு வரிதான்." அந்த இரண்டு வரி நான்கு பக்கத்துக்குப் போகும். ஆற அமர இருந்து ஒன்றை யோசித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்க்கக்கூட நேரமில்லை.

அக்கரைப்பற்று பஸ்ஸில் ஒரு மணித்தியாலத் தூரம்கூட இல்லை. அங்கே உம்மா மௌத்தான பிறகு வாப்பா என் தங்கச்சியோடும் மச்சானோடும் இருந்தார். நான் அவரைப் பார்த்து ஏழு மாதமாகியிருந்தது. தங்கச்சி போட்ட கடிதம் ஒன்று, ஊராரின் கடிதக் கட்டுக்குள் உறை உடைக்கப்படாமல் கிடந்தது. (ஊரார் கடிதத்தையெல்லாம் வாசித்துக் கொடுத்தவனுக்குத் தன் கடிதத்தை வாசிக்க ஆள் கிடைக்கவில்லை போலும்.)

அந்த வருஷம் நோன்பு மாதத்தில் எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. நோன்பின் கடைசிப் பத்து நாளும் பள்ளிவாசலுக்குள்ளேயே தங்கி, உலகக் கதையை விட்டு, வணக்கத்திலும் சிந்தனையிலும் இருப்பதற்கு இஃதிகாப் என்று பெயர். தகுந்த தேவையின்றி வெளியே போனால் அது முறிந்துவிடும். பத்து நாள்! வீடு தேடி வருகிறவர்களுக்கு என் மனைவி "அவர் இஃதிகாபில" என்று சொல்லிவிடுவாள். நானோ என்னோடு நான் இருக்கலாம். மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஊராக்கள்ட்ட இருந்து தப்பவா பள்ளிக்குப் போறீங்க?"

"ஓம். வேறெங்க போறது?"

"அஞ்சு நேரமும் ஊராக்கள் வாறது எங்க?"

அவள் கேட்ட கேள்வியின் ஆழம் எனக்கு அப்போது விளங்கவில்லை. பொம்பளைக்கு மார்க்கம் தெரியாது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு பாயையும் தலையணையையும் தூக்கினேன். பள்ளிவாசலின் தென்மூலையில் ஒரு வெள்ளைச் சீலையைத் திரையாகக் கட்டி உள்ளே போய் உட்கார்ந்தேன்.

முதல் நாள் ளுஹர் என்ற நண்பகல் தொழுகை முடிந்தது. ஸலாம் கொடுத்துத் திரும்பிய ஊர் முழுவதும் என் திரையைப் பார்த்தது. அதுவரை என்னைப் பிடிப்பதென்றால் பள்ளிக்கூடம், கடைத்தெரு, வீடு என்று அலைய வேண்டும். இப்போது மாஸ்டருக்கு நிலையான விலாசம் கிடைத்துவிட்டது. எழுந்து ஓடவும் அவருக்கு அனுமதியில்லை! பின்னேரத் தொழுகையான அஸருக்குள் மூன்று பெட்டிசம் முடித்தேன். மறுநாள் பக்கத்து ஊரான சம்மாந்துறையிலிருந்து வண்டில் கட்டிக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாள் திரைக்கு வெளியே ஒழுங்காக வரிசை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். மையொத்தும் தாள் கொண்டுவர மறந்தவர்கள் பள்ளிப் பாயில் ஒத்தினார்கள். அதற்கும் மரைக்கார் என்னைத்தான் ஏசினார். (மரைக்கார் என்றால் எங்கள் குடியின் சார்பில் பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர். குரல் வங்கக்கடலுக்குக் கேட்கும்.)

நான்காம் நாள் நான் மௌனவிரதம் பூண்டேன். அப்படி ஒன்று மார்க்கத்தில் இல்லை என்று மரைக்கார் வந்து சொன்னார். நான் பதில் சொல்லாமல் இருந்து அவரையும் வென்றேன். பிறகு பள்ளிக்கூடக் கொப்பியைக் கிழித்து இருபது சீட்டு எழுதினேன். "நான் இஃதிகாபில் இருக்கிறேன். இப்போது நேரமில்லை. பெருநாள் கழித்து வாருங்கள்." யார் திரைக்கு வெளியே செருமினாலும் ஒரு சீட்டைத் திரைக்கடியால் தள்ளுவேன். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. முடியாது என்று சொல்வது இவ்வளவு சுலபமா என்று எனக்கே வியப்பாக இருந்தது. வாழ்க்கையில் முதன்முதலாக நான் ஒரு பலசாலி.

ஐந்தாம் நாள் ளுஹருக்குப் பிறகு கூட்டம் குறைந்திருந்தது. கண்ணை மூடி, சிந்தனையில் இருப்பதாக நினைத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ மெல்லச் செருமினார்கள். நான் கண்ணைத் திறக்காமலே ஒரு சீட்டைத் தள்ளினேன். அதை எடுக்கும் ஓசை கேட்டது. அப்புறம் அதே சீட்டு, அதே வழியால் திரும்பி வந்தது.

"மகன், இதில என்ன எழுதியிரிக்கு? ஒருக்கா வாசிச்சுச் செல்லு. எனக்கு வெளிச்சம் காணாது."

வாப்பா!

பட்டப்பகல். பள்ளியின் பன்னிரண்டு ஜன்னலும் திறந்திருந்தன. வெளிச்சம் காணாது என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை. என் கவலையெல்லாம் அந்தச் சீட்டுத்தான். ஊராருக்கெல்லாம் வாசித்துக் கொடுத்த நான், என் கையெழுத்தை என் வாப்பாவுக்கு வாசிக்க வேண்டும். மௌனவிரதத்தை முறித்து, நோன்பு வாயால், பள்ளிவாசலுக்குள் உட்கார்ந்து பொய் சொன்னேன்.

"'உள்ளே வாருங்கள்' எண்டு எழுதியிரிக்கு வாப்பா."

"அதுக்கு ஏன் மகன் இவ்வளவு எழுத்து?" என்றவர், சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரையை விலக்கினார். கை முதலில் என் தோளைத் தடவியது, பிறகுதான் உட்கார்ந்தார். என் முகத்துக்கு வெகு கிட்ட வந்து பார்த்தார். அப்படி அவர் என்னைப் பார்த்ததே இல்லை. மெலிந்துவிட்டேனா என்று பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"தங்கச்சிட கடிதம் கிடைச்சதா மகன்?"

"ம்ம்" என்றேன். (ஒரே நாளில் இரண்டாவது பொய்.)

"ஒண்டுமில்ல. சும்மா உன்னோட கொஞ்ச நேரம் இரிக்கலாமெண்டு... ஒரு சங்கதியும் செல்லோணும். நான் நாளைக்கு..."

அந்த நேரம் பார்த்துத் திரைக்கடியால் ஒரு கை வந்தது. கையில் கடதாசி. அண்ணன் முறையான உதுமாலெவ்வை காக்காவின் கை. வாய்க்கால் தண்ணீர்த் தகராறுக்காக மூன்று மாதமாக என்னைப் பெட்டிசம் எழுத வைத்துக்கொண்டிருந்த மனிதர். "மாஸ்டர், ரெண்டே ரெண்டு வரி. பாத்துட்டுத் தாங்க, கச்சேரி பூட்டப் போறாங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாங்கினேன். வாப்பா வாயைத் திறந்தபடி இருக்க, பழக்கதோஷத்தில் கையை நீட்டி வாங்கி வாசிக்கத் தொடங்கினேன்.

"நீ வேலையப் பாரு மகன்" என்றார் வாப்பா. அந்தக் குரலில் கோபமே இல்லை. இரண்டு வரியையும் திருத்திவிட்டு நிமிர்ந்தபோது திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

காகிதத்தை வாங்கிய உதுமாலெவ்வை காக்கா சொன்னார்: "பாவம், உங்கட வாப்பாக்கு ரெண்டு கண்ணிலயும் பூ விழுந்து ஒண்டும் தெரியுதில்லையாமே. கொழும்புக்குக் கண் வெட்டப் போறாராம். மச்சான் பஸ்ஸடியில நிக்கிறாரு. அதுக்கு முன்ன உங்கட முகத்த ஒருக்காப் பாக்கோணும் எண்டுதானாம் இதில இறங்கினது. உங்களுக்குத் தெரியாதா?"

ஊருக்கே தெரிந்திருந்தது.

எழுந்து ஓடினேன். வாசற்படியில் ஒரு காலை வெளியே வைத்தேன். பார்த்தால் கொழும்பு ரயிலுக்குப் போகும் மட்டக்களப்பு பஸ் தெருவில் நிற்கிறது. மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டு வாப்பா மிதிபலகையைக் காலால் தேடுகிறார்.

"மாஸ்டர்! இஃதிகாப் முறியும்!" என்று பின்னாலிருந்து மரைக்காரின் குரல். நான் அப்படியே நின்றேன். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"ஒரு கால் வெளிய போனா முறியாது" என்றார் ஒருவர்.

"உடம்புட பாரம் எந்தக் காலில இரிக்கு? அதைப் பாக்கோணும்" என்றார் மற்றவர்.

"மாஸ்டர், எந்தக் காலில பாரம் இரிக்கு?"

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க எனக்கு எப்போது வந்தது? "ரெண்டிலயும் சமனா இரிக்கு" என்று பணிவாகச் சொன்னேன். அதன்மேல் ஒரு விவாதம். அவர்கள் முடிவுக்கு வருவதற்குள் பஸ் நகர்ந்தது. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்து மற்றக் காலையும் எடுத்து வைத்தேன். செருப்பில்லாமல், தொப்பியோடு, சாரனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கல்முனைத் தெருவில் "வாப்பா! வாப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். என் மாணவர்களில் பாதிப்பேர் அந்தக் காட்சியைப் பார்த்தார்கள். பஸ் நிற்கவில்லை. இஃதிகாபும் போய், வாப்பாவும் போய், புழுதியில் நின்றேன். அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வீட்டுக்குப் போய்த் தங்கச்சியின் கடிதத்தைத் தேடி உடைத்தேன். எல்லாம் அதில் இருந்தது. கடைசி வரி: "வாப்பாட கண்ணுக்கு எல்லாம் புகையாத் தெரியுது. உங்கட முகம் மறந்திடும் எண்டு பயப்படுறாரு."

மறுநாளே புறப்பட்டேன். ஆனால் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தபோது கண்ணை வெட்டிக் கட்டுப் போட்டாயிற்று. வாப்பா அசையாமல் மல்லாந்து கிடந்தார். கட்டிலருகே உட்கார்ந்து கையைப் பிடித்தேன்.

"ஆரு?"

"நான்தான் வாப்பா."

"இஃதிகாப்?"

"முறிச்சிட்டன்."

"பைத்தியம்" என்றார். கையை மட்டும் விடவில்லை.

பெருநாளும் அந்தக் கட்டிலடியிலேயே கழிந்தது. அங்கே என்னை யாருக்கும் தெரியாது. யாரும் எதையும் எழுதக் கேட்கவில்லை. நேரம் நேரமாக வாப்பாவின் மூச்சைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். கட்டை அவிழ்க்கும்போது பார்வை இருக்குமா என்று யாருக்கும் நிச்சயமில்லை. நான் என்ன மாதிரி மனிதனாகிக்கொண்டு வருகிறேன் என்று யோசிக்க அந்த நாட்களில் நிறைய நேரம் கிடைத்தது. யோசித்ததில் எனக்குத் திருப்தியாக ஒன்றும் அகப்படவில்லை.

அல்லாஹ்வின் கிருபை, பார்வை வந்தது. சில வாரம் கழித்து, சோடாப் போத்தலின் அடிப்பாகம்போலத் தடித்த கண்ணாடியோடு வாப்பா அக்கரைப்பற்று வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குடும்பம் முழுவதும் சுற்றி நின்றது. என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "நரைக்கத் தொடங்கிட்டியே மகன்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"இப்ப எழுத்துத் தெரியுதா வாப்பா?" என்று தங்கச்சி கேட்டாள்.

"பாப்பம்" என்று சட்டைப் பைக்குள் கையை விட்டார். மடித்த கொப்பித்தாள் ஒன்று வெளியே வந்தது. வாப்பா கண்ணாடியை ஏற்றி இறக்கி, எழுத்தெழுத்தாகக் கூட்டி, எல்லோருக்கும் கேட்க வாசித்தார்.

"இப்... போது... நேர... மில்லை. பெருநாள்... கழித்து... வாருங்கள்."

அப்படியும் இப்படியும் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"உள்ளே வாருங்கள் எண்டு இதில எங்க மகன் இரிக்கு?"

சிரிப்பில் வீடு அதிர்ந்தது. மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாப்பா மட்டும் சிரிக்காமல் அந்தச் சீட்டைப் பழையபடி மடித்து வைத்துக்கொண்டார். "பெருநாள் கழிஞ்சிட்டு" என்று பக்கத்து நாற்காலியைத் தட்டினார். உட்கார்ந்தேன்.

அதன் பிறகு அவர் மௌத்தாகும்வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிய அக்கரைப்பற்று பஸ் ஏறினேன். பெரும்பாலும் நாங்கள் ஒன்றும் கதைப்பதில்லை. உதுமாலெவ்வை காக்கா மட்டும் ஒரு தடவை அங்கேயும் தேடி வந்தார். வாப்பாவே எழுந்துபோய், "மாஸ்டருக்கு இப்ப நேரமில்ல" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

இப்போது எனக்கும் இரண்டு கண்ணிலும் பூ. பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் கேட்காதவன்போல் இருக்கப் பழகிவிட்டேன். என் பேத்தி விடமாட்டாள். பத்திரிகையின் மேல்விளிம்பை ஒரு விரலால் கீழே இழுப்பாள்.

"மூத்தாப்பா, இதில என்ன எழுதியிரிக்கு?"

"உள்ளே வாருங்கள் எண்டு" என்பேன். வந்து மடியில் ஏறிக்கொள்வாள்.