மூன்றாம் மாடி நடைக்கூடம்

லண்டன் மாநகரில் இன சமத்துவம் குறைவின்றி நிலவும் இடம் ஒன்றே ஒன்றுதான்: பெருநகரக் கலை நல்கை வாரியத்தின் மூன்றாம் மாடி நடைக்கூடம். அங்கே நின்றவன் என்பதால் துணிந்து சொல்கிறேன்.

வாரியம் தன் குற்றத்தைத் தானே கண்டுபிடித்தது. வெள்ளையர் ஆறு பேர் கூடி, "இங்கே வெள்ளையர் மட்டுமே கூடியிருக்கிறோம்" என்று ஒரு நாள் முழுவதும் வருந்தினார்கள். வருத்தத்துக்கு மதிய உணவும் உண்டு. அதன் பயனாகத் தேர்வுக் குழுவில் நான்கு 'சமூகக் குரல்கள்' சேர்க்கப்பட்டன: ஒரு நைஜீரியர், ஒரு வங்காளிப் பெண், ஒரு சோமாலியர், நான். கிடங்கொன்றில் இரவு ஷிப்டில் பெட்டி அடுக்கியவன் என்று என்னைப் பற்றி எழுதியிருந்தேன். "வாழ்ந்த அனுபவம்!" என்று தலைவி பிலிப்பா நெஞ்சில் கை வைத்தார்.

கூட்டத்துக்கு முந்திய ஞாயிறு, மாதா கோவிலில் பூசை முடிந்ததும் பியற்றிஸ் அக்கா என்னை மறித்தார். கோலியர்ஸ் வுட்டில் மன்னார்க் கூத்து போடுபவர்.

"டெனுசன், உங்கட வாரியத்திட்டக் கேட்ட காசுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வரேல்லையெண்டால் ஃபாதர் ஹோலை யோகாக்காரருக்குக் குடுத்திடுவார். முப்பது பேர் ஆறு மாதமாப் பழகினது. நீ உள்ளுக்கு இருக்கிறாய்தானே?"

"ஓம் அக்கா. யோசிக்காதேங்கோ."

வியாழக்கிழமை அந்த விண்ணப்பம் மேசைக்கு வந்தது. வாரியத்தில் ஒரு புனித விதி உண்டு: விண்ணப்பதாரரைத் தெரிந்தவர் வெளியே போக வேண்டும்.

"இவரை யாருக்காவது தெரியுமா?" என்றார் பிலிப்பா.

"தெரியும். போன ஈஸ்டருக்கு அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன்" என்றேன்.

நைஜீரியருக்கும் தெரியும், அதே கோவில். சோமாலியர் அவருடைய பக்கத்து வீடு. வங்காளிப் பெண் டூட்டிங்கில் ஒரு விழாவுக்கு அவரிடம் மேடை விளக்கு இரவல் வாங்கியவர்.

"எவ்வளவு நேர்மை!" பிலிப்பாவின் கண் கலங்கியது. ஆறு பேரும் எழுந்து நின்று கைதட்ட, நாங்கள் நால்வரும் வெளியேறினோம். கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. நடைக்கூடத்தில் காப்பியும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். ஆண்டறிக்கைக்காக ஒரு புகைப்படக்காரரும் காத்திருந்தார்.

பத்து நிமிடத்தில் திரும்ப அழைத்தார்கள். அடுத்தது விம்பிள்டன் பக்கத்து ஓபரா ஒன்று.

"அதன் இயக்குநரும் நானும் கல்லூரியில் ஒரே அறை. அருமையான பெண்" என்றார் பிலிப்பா.

"அப்படியென்றால் நீங்கள் வெளியே..." என்று இழுத்தேன்.

"இல்லை, டெனுசன். இது துறைசார் பரிச்சயம்."

நாங்கள் தெரிந்துவைத்திருந்தால் உறவு, அவர்கள் தெரிந்துவைத்திருந்தால் தகுதி. இந்த நுட்பம் பெட்டி அடுக்குகிற இடத்தில் கற்றுத்தரப்படுவதில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஓபரா தேறியது.

கூத்து தேறவில்லை. காரணத்தை வாரியம் ஒளிக்காமல் கடிதத்திலேயே எழுதியிருந்தது: 'இக்கலையின் சமூகப் பயனை விளக்க அறையில் எவரும் இருக்கவில்லை.'

அடுத்த ஞாயிறு பியற்றிஸ் அக்கா கடிதத்தோடு நின்றார். ஹோலுக்குள் யோகாப் பாய்கள் விரித்தாகிவிட்டன.

"உள்ளுக்கு என்னடா கதைச்சனி?"

"நான் வெளியில நிண்டனான், அக்கா. அது ரூல்."

"பிடிச்சுத் தள்ளினவையோ?"

"இல்லை. கை தட்டினவை."

"கதவைப் பூட்டினவையோ?"

"இல்லை."

அக்கா கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

சென்ற வாரம் ஆண்டறிக்கை வந்தது. அட்டையில் நாங்கள் நால்வரும், கையில் காப்பியோடு. மேலே பெரிய எழுத்தில் 'முடிவெடுக்கும் இடத்தில் எல்லா நிறங்களும்'. எங்களுக்குப் பின்னால் சாத்திய கதவு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. படம் எடுத்த நேரம் அதற்கு அந்தப் பக்கம் பியற்றிஸ் அக்காவின் விண்ணப்பத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நால்வரில் நன்றாகச் சிரித்திருப்பவன் நான்தான்.